கடைக்கார அக்கா பதில்கள்: மடக்குக்கத்தியின் பலம் எங்கே இருக்கிறது?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஹார்ட்வேர் கடை நடத்தும் அக்கா, கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: அக்கா, நான் நம் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். நாள் முழுக்கக் கத்தி வேலைதான். உர மூட்டை பிரிக்க வேண்டும், நைலான் கயிறு அறுக்க வேண்டும், மருந்து பம்பின் ரப்பர் குழாயை வெட்ட வேண்டும், சில நேரம் பலகையில் ஆணியும் நெம்ப வேண்டும். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய மடக்குக்கத்தி ஒன்றும் தாங்கவில்லை. ஒன்றுக்கு முனை போச்சு. இன்னொன்று வேலை நடுவில் மடங்கி விரலைப் பதம் பார்த்துவிட்டது. நல்ல தடித்த அலகாக, உறுதியாக ஒன்று சொல்லுங்கள். காசு கூடினாலும் பரவாயில்லை.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, முதலில் அந்த விரலைக் கிளினிக்கில் காட்டி டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கத்தி எங்கும் ஓடிப்போகாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். முனை போனது ஆணி நெம்பியதால். கத்தி அலகைக் கூர் நிற்க வேண்டும் என்றே இறுக்கமாகப் பதப்படுத்துகிறார்கள். நல்ல கத்தி, இறுக்கத்தை அளக்கிற ராக்வெல் அளவில் 57, 58க்கு மேல் இருக்கும். அந்த இறுக்கத்தில் இரும்பு வளைந்து கொடுக்காது, சட்டென்று ஒடியும், அதுவும் மெல்லிய முனையில்தான் முதலில். எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் இதேதான் நடக்கும். ஆணிக்கு ஒரு சின்ன ஆணிபிடுங்கி வாங்கி மோட்டார் சைக்கிளில் போட்டு வையுங்கள், அந்தக் கணக்கு அதோடு முடிந்தது.

மடங்கியது வேறு கதை. அது பூட்டின் கோளாறு. என் கடைக்கு வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கத்தியை எடுத்ததும் அலகின் முதுகைத் தடவி "நல்ல தடிப்பு" என்பார்கள். கதவு எவ்வளவு கனத்த பலகையாக இருந்தாலும் கீல் ஆடினால் கதவு ஆடத்தானே செய்யும்? மடக்குக்கத்தியின் பலமெல்லாம் அலகு சுழலும் அச்சிலும் அதைப் பிடித்து நிறுத்தும் பூட்டிலும் இருக்கிறது. இன்னும் சொன்னால், 5 மில்லிமீட்டர் தடித்த அலகு ரப்பர் குழாயில் பாதியில் சிக்கிக்கொள்ளும். நீங்கள் கூடுதலாக அழுத்துவீர்கள், அந்த அழுத்தம் முழுவதும் பூட்டின் மேல் போய் விழும். உங்கள் வேலைக்கு முதுகு 3 மில்லிமீட்டர், நீளம் 8 அல்லது 9 சென்டிமீட்டர் போதும்.

பூட்டில் பல ரகம் உண்டு. பசார் மாலாமில் கிடைப்பது பெரும்பாலும் லைனர் லாக். கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு வில் போல ஒதுங்கி வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். தகடு நல்ல தடிப்பாக இருந்து, அலகின் அடியில் ஆழமாக உட்கார்ந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலிவுக் கத்தியில் அது ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். கயிறு அறுக்கும்போது கையைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், நழுவிவிடும். உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃப்ரேம் லாக்கில் கைப்பிடியின் ஒரு பக்கத் தகடே பூட்டு. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதுவும் இறுகும். பேக் லாக் என்பது முதுகுப் பக்கம் ஒரு கட்டை ஏறி அலகின் பள்ளத்தில் விழுவது. பக் 110 என்ற அமெரிக்கக் கத்தியை 1960களிலிருந்து இந்தப் பூட்டோடுதான் செய்கிறார்கள். நல்ல கத்திதான், ஆனால் 200 கிராம் எடை, காற்சட்டைப் பையை இழுத்துவிடும். கைப்பிடியின் இரண்டு முனையிலும் பித்தளை வேறு. ரப்பர் பாலுக்கு அம்மோனியா ஊற்றுகிற இடத்தில் புழங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அம்மோனியாவுக்கும் பித்தளைக்கும் ஆகவே ஆகாது. நீங்கள் செம்பனைக்காரர், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பேக் லாக்கையே இன்னும் பலப்படுத்தியதுதான் ட்ரை-ஆட் பூட்டு. ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்தது, கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் கத்திகளில் வருகிறது. அலகுக்கும் பூட்டுக்கட்டைக்கும் நடுவே ஒரு தடித்த எஃகு ஆணி நின்று, விழுகிற பாரத்தை வாங்கிக்கொள்ளும். நாள் முழுக்க முரட்டு வேலை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். புதிதில் விரலுக்குக் கொஞ்சம் கடினமாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும்.

அடுத்தது நம் தோட்டத்துக்கே உரிய பிரச்சினை, உரம். செம்பனைக்குக் கொட்டுகிற சிவப்பு எம்ஓபி இருக்கிறதே, அது பொட்டாசியம் குளோரைடு, உப்பு ஜாதி. மூட்டையை அறுத்த கத்தியைத் துடைக்காமல் மடக்கிப் பையில் போட்டால், வியர்வை ஈரமும் அந்தத் தூளும் சேர்ந்து துருப்பிடிக்காத எஃகையே ஊசி குத்தினதுபோல் பொத்தல் பொத்தலாக்கிவிடும். டி2 எஃகை எல்லோரும் புகழ்கிறார்கள். அதில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தாலும், நிறைய கார்பனோடு கட்டுண்டு கிடப்பதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கூர் நிற்கும், உரம் பட்டால் புள்ளி விழும். எஃகு ரகம் வெறும் "440" என்று மட்டும் பொறித்திருந்தால் நம்பாதீர்கள். 440ஏ, 440பி, 440சி என மூன்று உண்டு, சி-யில்தான் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம். எந்த எழுத்து என்று சொல்லக் கூச்சப்படுகிற கத்தி பெரும்பாலும் சி-யாக இருக்காது.

உர மூட்டைதான் முக்கிய வேலை என்றால் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் சால்ட் வரிசைக் கத்திகளைப் பாருங்கள். அதில் சில கத்திகளுக்கு முன்பு எச்1 என்ற எஃகு, இப்போது அதன் அடுத்த ரகமான எச்2. கார்பனைப் பெருமளவு குறைத்து நைட்ரஜன் சேர்த்தது, கடல் தண்ணீரிலேயே துருப்பிடிக்காது. நேரான கூர் அதில் சீக்கிரம் மழுங்கும், அதனால் ரம்பப் பல் வைத்ததாக வாங்குங்கள். நெய்த பிளாஸ்டிக் சாக்கும் நைலான் கயிறும் பல்லுக்குத்தான் பயப்படும்.

கைப்பிடி பளபள எஃகாக வேண்டாம், எண்ணெய்க் கையில் வழுக்கும். சொரசொரப்பான ஜி10 (கண்ணாடி நாரைப் பிசினில் அழுத்திச் செய்த பலகை) அல்லது கண்ணாடி நார் கலந்த நைலான் நல்லது. நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ எடுங்கள். பச்சைக் கைப்பிடிக் கத்தி புல்லில் விழுந்தால் பல்லி கண்ணுக்குத்தான் தெரியும்.

கடையில் வாங்கும்போது அலகைத் திறந்து பூட்டிவிட்டு இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். பிறகு விரல்களை மடங்குகிற வழியிலிருந்து எடுத்துவிட்டு, அலகின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து நிதானமாக அழுத்துங்கள், ஓங்கி அடிக்க வேண்டாம். துளி அசைவு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அச்சு ரிவெட் அடித்ததா, திருகாணியா என்றும் பாருங்கள். திருகாணி என்றால் தளர்ந்தால் இறுக்கலாம், ரிவெட் தளர்ந்தால் தளர்ந்ததுதான்.

மட்டை வெட்ட, கட்டையில் கொத்த இதை எடுக்கவே கூடாது. அதற்குப் பாராங் என்கிற பெரிய வெட்டுக்கத்தி இருக்கிறது. மடக்கும் வசதி கட்டாயமில்லை என்றால் உறையில் போடும் நேர்க்கத்தி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். கீலே இல்லாததால் பாதி விலைக்கு இரண்டு மடங்கு உழைக்கும். மண்டோர் இடுப்பில் கத்தி தொங்கினால் ஆட்கள் மிரளுவார்கள் என்று யோசித்தால், அது உங்கள் பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டும் இடம்) விவகாரம், நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து மருமகன் மரப்பிடி ஒப்பினல் 8ஆம் நம்பர் கத்தி வாங்கி வந்தார். மழைக்காலம் வந்ததும் திறக்கவே முடியவில்லை. போலியா?
– வாசகர், குளுவாங்

பதில்: மருமகனைச் சந்தேகப்படாதீர்கள் ஐயா, அசலேதான் இப்படிச் செய்யும். ஜோசப் ஒப்பினல் 1890இல் பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் செய்ய ஆரம்பித்த கத்தி அது. பிடி பெரும்பாலும் பீச் மரம். நம் ஊர் ஈரத்தைக் குடித்து உப்பி அலகைக் கவ்விக்கொள்கிறது. வெயிலில் போடாமல், காற்றோட்டமான நிழலில் சில நாள் வையுங்கள். அவசரம் என்றால் பிடியின் அடிமுனையைக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும், பிடித்து இழுத்துவிடலாம். காய்ந்த பிறகு அலகு நுழையும் பிளவை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் காட்டுங்கள்.

கழுத்தில் இருக்கும் வளையம் 1955இல் வந்த பூட்டு. திறந்ததும் திருப்பிவிட மறக்காதீர்கள். பழம், ரொட்டி, கயிறு இதற்கெல்லாம் அருமையான கத்தி, தோட்ட வேலைக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: மடக்குக்கத்தியை மோட்டார் பெட்டியில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போகலாமா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வேலைச் சாமான்களோடு இருந்தால் சொல்லக் காரணம் இருக்கிறது. அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. சிறைவரை போகிற குற்றம் அது. இரவில் சாப்பாட்டுக் கடைக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொண்டு போய், "செம்பனைத் தோட்டத்தில் வேலை சார்" என்றால் போலீஸ்காரர் சிரிக்க மாட்டார். வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பட்டனை அழுத்தினால் பாயும் கத்தி என் கடையில் கிடையாது, கேட்டும் வர வேண்டாம்.

கேள்வி: அக்கா, கத்தியின் அச்சுக்குப் பாமாயில் விட்டால் என்ன? அதுதான் வீட்டில் நிறைய இருக்கிறதே!
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நிறைய இருப்பது உண்மைதான் தங்கச்சி, அதை வாழைக்காய் பொரிக்க வைத்துக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசுபிசுத்துப் போகும், அப்புறம் அதில் தூசி ஒட்டி அலகு நகராது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதற்கு முன்னால் சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பூட்டுப் பள்ளத்தைத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்திவிடுங்கள். பழம் நறுக்குகிற கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் வாங்கிக்கொள்ளுங்கள், வாயில் பட்டாலும் பயமில்லை.