எப்போது கணக்குக் கேட்பது? (2020, கொரோனா ஊரடங்குக் காலக் கடிதம்)

வணக்கம் சார்,

ஊரடங்கைப் பற்றித் தொடர்ந்து குறை சொல்லி எழுதுகிறீர்கள். யாருமே முன்னே பின்னே பார்த்திராத நோய் இது. வீடு பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்றுகிறவனிடம் போய் நொட்டை சொல்லலாமா? முதலில் இது முடியட்டும், அப்புறம் அரசை எடைபோடலாம்.

செ., விழுப்புரம்

அன்புள்ள செ.,

எங்கள் தெருவில் வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்க ஒரு பெண் வருகிறார். கேட்டுக்கு வெளியே நின்று, நோட்டை முழங்கையில் தாங்கி எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போவார். இந்த வெயிலிலும் ஒரு நாள் தவறியதில்லை. அவர் உழைப்பில் நான் குறை காணவில்லை. தொற்று எண்ணிக்கை ஏறுவதை வைத்தும் அரசைத் திட்ட மாட்டேன். சளியில் கொரோனா கிருமியைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனையை இவ்வளவு செய்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

ஆனால் ஏப்ரல் 24 அன்று வந்த அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். 26 முதல் நான்கு நாள் சென்னையில் மளிகைக் கடைகூடத் திறக்காது என்றார்கள். இடையில் 25 ஒரு நாள்தான். அன்று காலை எங்கள் முனைக்கடையில், தள்ளி நிற்பதற்காகப் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டங்களே கண்ணில் படவில்லை, அவ்வளவு கால்கள். கோயம்பேடு காய்கறிச் சந்தையிலும் நெரிசல். மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், அரியலூர், உங்கள் விழுப்புரம் என்று தொற்று போய்ச் சேர்ந்துவிட்டது. கடை நான்கு நாள் இல்லையென்றால் ஜனம் முதல் நாளே முண்டியடிக்கும் என்பதற்கு வைரஸைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்? தீபாவளிக்கு முந்தைய நாள் ரங்கநாதன் தெருவைப் பார்த்திருந்தால் போதும்.

இன்னொன்று, இந்த ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்களைக் கணக்கில் சேர்த்தார்கள். சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்தவர்கள் சுகாதாரத் துறையின் பட்டியலில் இல்லை. சேர்த்ததை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஜூன் மாதமே செய்தியாளர்கள் இதைக் கிளப்பினார்கள், பிறகுதான் அரசு குழு போட்டது. எல்லாம் முடியட்டும் என்று செய்தியாளர்களும் பேசாமல் இருந்திருந்தால்? இத்தனை பேர்தான் இறந்தார்கள் என்று நம்பி, காய்ச்சல் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ. எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

சரி, உங்கள் ஊர் நிலவரத்தை எழுதுங்கள். கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களை எங்கே தங்கவைத்தார்கள், அக்கம்பக்கத்தார் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.