ஏடிஎம்மில் எடுத்த 12,000 எங்கே போச்சு?

எம்.சி. ரோட்டில் மூன்று ஜவுளிக் கடைகளுக்கு 26 வருஷம் கணக்கு எழுதியவள் நான். அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறேன். போன இதழில் வீட்டு பட்ஜெட் பற்றி நாலு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, 'எந்த ஆப் நல்லது?' என்று கேட்கின்றன.

அக்கா, வீட்டுக்காரருக்கு மணலியில் வேலை. சம்பளம் பேங்கில் விழுகிறது. பேங்க் எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானே கணக்கு எழுதிக்கொள்ளும் என்று மகன் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். மூன்று மாதமாக 'ஏடிஎம் 12,000', 'மற்றவை 9,400' என்று மட்டும் காட்டுகிறது. ஆப் சரியில்லையா, நான் சரியில்லையா?
– வாசகி, தண்டையார்பேட்டை

ரெண்டு பேரும் சரிதான் தங்கச்சி. அந்த ஆப்புக்குத் தெரிந்தது எஸ்எம்எஸ் மட்டும்தான். உங்கள் பர்ஸ் அதற்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை ஏடிஎம்மில் 2,000 எடுத்துக்கொண்டு காசிமேடு போனேன். வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக நகர்ந்து, சங்கரா ஒரு கூறு 350க்கு வாங்கினேன். வெட்டிக் கொடுத்த அம்மாவுக்கு 50. ஷேர் ஆட்டோ போக வர 40. இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி 70. சாயங்காலம் பேரன் பிடிவாதம் பிடித்து இரண்டு பிளேட் அத்தோ, 120. ஆகச் செலவு 630, பர்சில் மீதி 1,370. என் போனுக்கு வந்த எஸ்எம்எஸ் ஒன்றே ஒன்று: 2,000 எடுத்தாயிற்று. அதைப் படிக்கிற ஆப் 2,000மும் செலவு என்று எழுதிவிட்டுப் போய்விடும். மீனும் தெரியாது, மீதியும் தெரியாது.

யுபிஐயில் கொடுத்தால் தெரியுமே என்பீர்கள். மளிகைக் கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து பாருங்கள். பல கடைகளில் கடைப் பெயர் வராது, அண்ணாச்சியின் மச்சான் பெயர் வரும். அது பருப்பா, சோப்பா, கைமாற்றா என்று ஆப் எப்படிக் கண்டுபிடிக்கும்? 'மற்றவை'யில் தள்ளிவிடுகிறது. அப்புறம் யுபிஐ லைட். பின் நம்பர் போடாமல் சின்னத் தொகை அனுப்ப வசதிதான். ஆனால் லைட்டில் பணம் ஏற்றியது மட்டும்தான் பாஸ்புக்கில் வரும், அதிலிருந்து டீக்கும் பூவுக்கும் போனது தனித்தனியாக வராது.

அதனால் கையால் எழுதுகிற ஆப்பாகப் பாருங்கள். நான் வைக்கும் பரீட்சை இதுதான்: ஒரு கையில் மீன் பை, வெயில், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். அந்த நிலையில் கட்டைவிரல் ஒன்றாலேயே தொகையைப் போட்டு, 'மீன்' என்பதைத் தொட்டு, போனை மூடிவிட முடிகிறதா? நாலு தட்டுக்கு மேல் போனால் இரண்டாவது வாரம் நிறுத்திவிடுவீர்கள். விளம்பரம் ஓடி முடிந்த பிறகுதான் எழுத விடும் என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுவீர்கள். தமிழில் தலைப்பு வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் மாமியாரும் எழுதலாம்.

பர்சுக்கு ஒரு கணக்கு, பேங்குக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைக்க முடியவேண்டும். ஏடிஎம்மில் எடுப்பது செலவு இல்லை, பேங்க் என்ற டப்பாவிலிருந்து பர்ஸ் என்ற டப்பாவுக்கு மாறுகிறது. ஆப்களில் இதை டிரான்ஸ்ஃபர் என்பார்கள். கிரெடிட் கார்டு பில் கட்டுவதும் அப்படித்தான். புடவை வாங்கிய அன்றே செலவு எழுதியாச்சு, பில் கட்டும்போது மறுபடி செலவு என்று எழுதினால் ஒரே புடவைக்கு இரண்டு விலை. டிரான்ஸ்ஃபர் வசதி இல்லாத ஆப்பை, அது எவ்வளவு அழகாக வட்டப்படம் வரைந்தாலும், தொடாதீர்கள்.

தலைப்புகளைக் குறைவாக வையுங்கள். நான் முதலில் 31 தலைப்பு வைத்தேன். கறிவேப்பிலைக்குக்கூட ஒன்று இருந்தது. வெட்கமாக இருக்கிறது. இப்போது ஒன்பதுதான். அதில் ஒன்றின் பெயர் 'மாதா மாதம் வராத செலவு'. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரன்ட் பில், அரையாண்டு வீட்டு வரி, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, இதையெல்லாம் கூட்டி 12ஆல் வகுத்து மாதா மாதம் ஒதுக்கிவிடுகிறேன். ஜூனில் நகையைப் பையில் போட்டுக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடிய வருஷங்கள் எனக்கும் உண்டு.

நான் ஐடியில் இருக்கிறேன். கம்ப்யூட்டரில் க்னூகேஷ் என்ற இலவச கணக்கு சாஃப்ட்வேர் போடலாமா, இல்லை ஒய்நாப் மாதிரி சந்தா கட்டும் பட்ஜெட் சாஃப்ட்வேர் வாங்கலாமா? காசு கொடுத்தால் நல்லதாகத்தானே இருக்கும்?
– வாசகர், பெரம்பூர்

தம்பி, ஒய்நாப்புக்கு டாலரில் சந்தா. அதன் அடிப்படை, கையில் இருக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்கூட்டியே ஒரு வேலை ஒதுக்கிவிடுவது. நல்ல யோசனைதான். ஆனால் என் அம்மா கொருக்குப்பேட்டை வீட்டில் கடுகு டப்பாவில் பால் காசு, மிளகு டப்பாவில் வாடகை என்று வைத்ததும் இதேதான். டப்பா மாற்றி எடுத்தால் அன்றைக்கு வீட்டில் பூகம்பம். அந்தக் கண்டிப்பு உங்களிடம் இருந்தால் எக்ஸெல் மாதிரி ஒரு இலவச ஷீட்டிலேயே செய்யலாம், இல்லையென்றால் டாலர் கட்டினாலும் வராது.

க்னூகேஷ் 1998லிருந்து இருக்கிறது. இலவசம், கணக்கு உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலாக உட்கார்ந்திருக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட்டை சிஎஸ்வியாக, அதாவது சாதாரண அட்டவணை ஃபைலாக, இறக்கி உள்ளே ஏற்றலாம். இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் எழுதவேண்டும். எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. என் மகளுக்குக் காட்டினேன், "அம்மா, வீட்டையும் ஜவுளிக் கடை ஆக்கிட்டியா?" என்று எழுந்து போய்விட்டாள். வீட்டுக் கடன், மியூச்சுவல் ஃபண்ட், இரண்டு மூன்று பேங்க் கணக்கு என்று இருந்தால் உங்களுக்கு அது ஒத்துவரும். தெருவில் நின்று எழுத ஒத்துவராது. பகலில் போனில் ஒரு குறிப்பு, ஞாயிறு சாயங்காலம் அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று பாருங்கள்: நாளைக்கு இந்த சாஃப்ட்வேர் போய்விட்டால் என் கணக்கை எடுத்துக்கொண்டு வர முடியுமா? நமக்கு மின்ட் என்றால் வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்ட். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்தில் நாணயம் அடித்த தங்கசாலை. அமெரிக்காவில் மின்ட் என்று பேர் பெற்ற ஒரு இலவச பட்ஜெட் ஆப் இருந்தது. 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அதற்கு முன் மைக்ரோசாஃப்ட் மணி, 2009ல் விற்பனையை நிறுத்தினார்கள். பெரிய கம்பெனி என்பதெல்லாம் இதில் உத்தரவாதம் இல்லை.

எனக்கே பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் சார்ஜில் கிடந்த போன் முங்கிப்போனது. 14 மாதக் கணக்கு அந்த போனில் மட்டும்தான் இருந்தது, ஆப்பில் பேக்கப் வசதியே கிடையாது. சர்வீஸ் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அன்றையிலிருந்து மாதம் ஒன்றாம் தேதி சிஎஸ்வியாக எடுத்து எனக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறேன். சிஎஸ்வி என்றால் எக்ஸெல், லிப்ரே ஆபிஸ் எதிலும் திறக்கும். அதைக் கொடுக்காத ஆப் வேண்டாம்.

சீட்டுக் கட்டும் பணத்தைச் செலவில் எழுதுவதா, சேமிப்பில் எழுதுவதா? ஆப்பில் 'சீட்டு' என்ற தலைப்பே இல்லை.
– வாசகி, காலடிப்பேட்டை

எடுக்கிற வரை சேமிப்பு, எடுத்த பிறகு கடன். ஆப்பில் 'சீட்டு' என்று தனிக் கணக்கு திறந்து, கட்டுவதை டிரான்ஸ்ஃபராகப் போடுங்கள். ஒரு லட்சம் சீட்டை 78,000க்கு எடுத்தால், தள்ளிய 22,000 செலவு. மாதா மாதம் உங்கள் தவணையில் கழிவாகக் குறைவது வரவு. சீட்டு முடியும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த அவசரத்துக்கு என்ன வட்டி கொடுத்தீர்கள் என்று தெரியும். தெரிந்தால் கொஞ்சம் வயிறு எரியும்.

செலவு ஆப் ஒன்று எஸ்எம்எஸ், கான்டாக்ட்ஸ், போட்டோ எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறது. பேங்க் கணக்கை இணைக்கவும் சொல்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

கான்டாக்ட்ஸ் எதற்கு? உங்கள் மீன் செலவை எழுத உங்கள் மச்சினி நம்பர் எதற்கு? கொடுக்காதீர்கள். செலவு ஆப் என்று உள்ளே வந்து, பத்தே நாளில் 'உங்களுக்கு 50,000 கடன் தயார்' என்று கதவைத் தட்டுகிற ஆப்கள் இருக்கின்றன. கடன் கொடுக்கும் ஆப்கள் கான்டாக்ட்ஸ், ஃபைல், அழைப்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டது. அதையும் மீறிக் கேட்டால் அன்இன்ஸ்டால்தான்.

கணக்கை இணைப்பதில் இரண்டு வகை. நெட் பேங்கிங் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ வாங்கிக்கொள்கிறேன் என்றால் ஓடிவந்துவிடுங்கள். அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்ற வழி வேறு. ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற அமைப்பு நடுவில் இருக்கும். எந்தத் தகவல், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று காட்டி உங்கள் சம்மதம் வாங்கும், பாஸ்வேர்டு கேட்காது, பிறகு ரத்தும் செய்யலாம். அந்தச் சம்மதப் பக்கத்தைப் படிக்காமல் ஓகே அடிக்காதீர்கள், 'எத்தனை நாள்' என்ற வரியையாவது பாருங்கள்.

இருவரும் ஒரே ஆப்பில் எழுதுகிறோம். மனைவி 'என்னை வேவு பார்க்கிறீங்க' என்கிறாள். என்ன செய்ய?
– வாசகர், ராயபுரம்

பார்க்கிறீர்கள்தானே! எங்கள் வீட்டிலும் இந்தச் சண்டை ஓடியது. கடைசியில் ஆப்பில் 'கேட்காதே' என்று ஒரு தலைப்பு திறந்தோம். ஆளுக்கு மாதம் 500. எதற்கு என்று எழுதவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். நான் என்ன செய்கிறேன் என்று இங்கேயும் சொல்லமாட்டேன். வீட்டுக்காரருடையது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்: மொட்டை மாடியில் புறா எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. நான் கேட்பதில்லை.