மானுவேலா என்று கூப்பிட்டவர்கள்

கேள்வி: தன்பாலினக் காதலைப் பேசிய பழைய படங்களில் உங்களால் மறக்க முடியாதது எது? ஏன்?

1931இல் வெளிவந்த 'மேட்ஷென் இன் உனிஃபார்ம்' என்ற ஜெர்மன் படம். 'சீருடைப் பெண்கள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைசிப் பத்து நிமிடத்தில் அழுதிருக்கிறேன். காரணம் படத்தில் பாதி, என் விடுதி வாழ்க்கையில் பாதி. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் கதை. போட்ஸ்டாம் நகரத்தில், ராணுவக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளி. முதல் உலகப்போருக்கு முந்தைய காலம். தாயில்லாப் பிள்ளை மானுவேலாவை அவளுடைய அத்தை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாள். வெளியே படைவீரர் சிலைகள், ஊதுகொம்புச் சத்தம். உள்ளே கோடு போட்ட சீருடை, இழுத்து வாரிய தலைமுடி, அரைவயிற்றுச் சாப்பாடு. பட்டினியும் கட்டுப்பாடும்தான் பிரஷ்யர்களை, அதாவது அந்த ஜெர்மன் அரசின் மக்களை, பெரியவர்கள் ஆக்கின என்பது தலைமையாசிரியையின் கொள்கை. அந்த வறண்ட இடத்தில் பிள்ளைகளை மனுஷியாக நடத்துகிற ஒரே ஆள் பெர்ன்பூர்க் என்ற ஆசிரியை. பிள்ளைகள் எல்லாருக்குமே அவர்மேல் ஒரு மயக்கம். மானுவேலாவுக்கு அது மயக்கத்தோடு நிற்கவில்லை.

இதைச் சொல்ல இயக்குநர் லியோன்டீனே ஸகான் தேர்ந்தெடுத்த பொருட்களைப் பாருங்கள். எல்லாமே துணி. வந்த அன்றே மானுவேலாவுக்கு யாரோ போட்டுக் கழித்த பழைய சீருடை ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதில் ஓர் இதயமும் அந்த ஆசிரியையின் பெயரெழுத்துகளும் இருக்கின்றன. முன்னால் போட்டிருந்தவளின் ஆசை அது. அவள் யார், என்ன ஆனாள் என்று நமக்குத் தெரியாது. ஆனால் இந்த ஏக்கம் மானுவேலாவோடு தொடங்கியதல்ல என்று மட்டும் புரிந்துவிடுகிறது. அப்புறம், மானுவேலாவின் உள்சட்டை கந்தலாகிக் கிடப்பதைப் பார்த்த ஆசிரியை அவளைக் கூப்பிட்டுத் தன்னுடைய சட்டை ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். பிள்ளை உடைந்து அழுகிறாள். அம்மா போனபிறகு தன் சட்டை கிழிந்திருப்பதை ஒருவர் கவனித்ததே அவளுக்கு அதிசயம். அந்த அழுகையில் எவ்வளவு அம்மாவுக்கான ஏக்கம், எவ்வளவு காதல் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படமும் பிரிக்கவில்லை.

பள்ளி விழாவில் ஜெர்மன் எழுத்தாளர் ஷில்லரின் 'டான் கார்லோஸ்' நாடகம் போடுகிறார்கள். ஆண்வேடத்தில் மானுவேலா. பாராட்டு குவிகிறது. விருந்தில் கலந்து வைத்திருந்த மது தலைக்கேறி, எல்லார் முன்னாலும் அவள் சத்தமாகச் சொல்லிவிடுகிறாள்: அந்தச் சட்டையை இப்போது போட்டிருக்கிறேன், அவர் என்னை நேசிக்கிறார், எனக்கு எதைப் பற்றியும் பயமில்லை. வாசலில் தலைமையாசிரியை நிற்கிறார். அவ்வளவுதான். பிள்ளையைத் தனியறையில் போடுகிறார்கள், யாரும் அவளோடு பேசக் கூடாது என்று உத்தரவு.

ஆசிரியைக்கும் பதின்ம வயது மாணவிக்கும் இடையில் இதெல்லாம் சரியா என்று சிலர் கேட்பீர்கள். எனக்கும் அந்த நெருடல் உண்டு. பொறுப்பு பெரியவர் கையில்தான் இருக்கிறது, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அதனால்தான் இந்தப் படத்தை ஜோடி சேராத காதல் கதை என்று நான் பார்ப்பதில்லை. ஒரு பிள்ளை தன் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னபோது ஒரு நிறுவனம் அவளை என்ன செய்தது என்பதுதான் எனக்குக் கதை. தலைமையாசிரியை அதைப் பாவம் என்கிறார். நீங்கள் பாவம் என்பதை நான் ஆயிரம் வடிவம் கொண்ட அன்பின் பேராற்றல் என்பேன் என்று பெர்ன்பூர்க் பதில் சொல்கிறார். 1931இல், ஒரு பேசும் படத்தில்!

இந்தப் படத்துக்குப் பின்னால் இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். நடித்தவர்களில் ஓர் ஆண்கூட இல்லை. இயக்கியவர் பெண், கதையும் பெண்ணுடையது. கதையை எழுதிய கிறிஸ்டா வின்ஸ்லோ ஒரு சிற்பி, போட்ஸ்டாமில் அப்படியொரு விடுதிப் பள்ளியில் படித்தவர். 1930இல் லைப்சிக் நகரில் இது முதலில் அவருடைய நாடகமாக மேடையேறியது. நடிகர்களும் கலைஞர்களும் பங்கு போட்டுக்கொண்ட கூட்டுறவு முறையில் படம் எடுக்கப்பட்டது. மானுவேலாவாக நடித்த ஹெர்த்தா டீலே, ஆசிரியையாக நடித்த டோரோதேயா வீக் இருவருமே 1908இல் பிறந்தவர்கள். ஒருவர் குழந்தையாகவும் மற்றவர் அவளுக்குப் பெரியவராகவும் கண்முன்னே நிற்பது முழுக்க நடிப்பு.

படம் வெளிவந்து 14 மாதத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். யூதரான ஸகான் இங்கிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். ஹெர்த்தா டீலே 1937இல் சுவிட்சர்லாந்துக்குப் போனார். படத்தின் கலை மேற்பார்வையாளர் கார்ல் ஃப்ரோலிஷ் மட்டும் நாஜிக் கட்சியில் சேர்ந்து, பிறகு அவர்களுடைய திரைப்படத் துறைக் கழகத்துக்கே தலைவரானார். இதை முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. வின்ஸ்லோவும் அவருடைய தோழி சிமோன் ஜாந்தேவும் 1944 ஜூனில் பிரான்ஸில், க்ளூனி என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சரி, என் பாதி.

பதினொன்றாம் வகுப்பில் நானும் ஒரு விடுதியில் இருந்தேன். எங்கள் அறையில் இருந்த ஒருத்தி இன்னொருத்திக்கு எழுதிய கடிதம் கணக்கு நோட்டுக்குள்ளிருந்து வார்டன் கையில் சிக்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய பிரார்த்தனையில், எங்கள் அறுபது பேர் முன்னால், அதை வரிவரியாக வாசித்தார்கள். "உன் ஜடையில் எண்ணெய் வாசனை இன்னும் என் தலையணையில் இருக்கிறது" என்று ஒரு வரி. சிலர் சிரித்தார்கள். எழுதியவள் தரையில் இருந்த கோலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் மத்தியானம் அவள் அப்பா வந்தார். நாங்கள் தட்டு கழுவும் தொட்டியடியில் வரிசையில் நின்றிருந்தோம். அவள் ட்ரங்குப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். நான் குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன். அவளோடு ஒன்றரை வருஷம் பக்கத்துப் படுக்கையில் படுத்தவள் நான்.

இப்போது படத்தின் முடிவுக்கு வாருங்கள். மானுவேலா அந்த உயரமான மாடிப்படிகளில் தனியாக ஏறுகிறாள், வாய் ஜெபம் முணுமுணுக்கிறது. கீழே பிள்ளைகள் அவளைக் காணோம் என்று தேடத் தொடங்குகிறார்கள். "மானுவேலா! மானுவேலா!" அந்தக் கூப்பாடு தாழ்வாரம் தாழ்வாரமாகப் பரவுகிறது. வரிசையில் நடக்கப் பழக்கப்பட்ட பிள்ளைகள் கண்டபடி ஓடுகிறார்கள். மேலேறிப் போய், கைப்பிடிக் கம்பிக்கு வெளியே தொங்குகிறவளை இழுத்துக் காப்பாற்றுகிறார்கள்.

நாடகத்தில் அவள் குதித்துச் செத்துப்போவாள். படம் முடிவை மாற்றியதால் கதை வலுவிழந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இந்த மாதிரிப் பெண் சாகும் கதைகள் ஏராளம், பார்த்துச் சலித்துவிட்டோம். அவளோடு பேசக் கூடாது என்ற உத்தரவு நிற்கும்போதே அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் விடுதியில் அன்று ஒருத்தியாவது அவள் பெயரைக் கூப்பிட்டிருந்தால் அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பாள்.

தேடும்போது 1958இல் ரோமி ஷ்னைடர் நடித்து வந்த வண்ணப்படமும் சேர்ந்து வரும். அது வேறு படம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது கறுப்பு வெள்ளை. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான். வசன வரிகள் உள்ள பிரதியாகப் பார்த்து எடுங்கள். கடைசியில் தலைமையாசிரியை படியிறங்கி இருட்டுத் தாழ்வாரத்தில் நடந்து போகும்போது அணைத்துவிடாதீர்கள், பின்னால் அந்த ஊதுகொம்பு மறுபடி கேட்கும்.