அகதிக் கோரிக்கையாளர் அயலில் வந்தால்: ரொறன்ரோ வாசகர் கேள்வி பதில்

ஸ்காபரோவில் புதுசாக வருகிறவர்களுக்கான குடியேற்றச் சேவையில் வேலை செய்கிறேன். இப்போது என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உகண்டா, கென்யா, நைஜீரியா, எதியோப்பியா, எரித்திரியாக்காரர். அவர்களைப் பற்றி எங்கட ஆக்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. நான் லோயர் இல்லை, அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

மல்வேர்னில் இருந்து ஒரு வீட்டுக்காரர்: பேஸ்மென்ற்றை ஒரு கென்யக் குடும்பம் கேட்குது. வெல்ஃபெயரில இருக்கினம். ஆறு மாத வாடகையை முன்னுக்கே வாங்கலாமோ?

ஏலாது அண்ணா. ஒன்ராறியோவில் வைப்பாக வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான். சமையலறையும் குளியலறையும் அவர்களுக்குத் தனியாக இருந்தால், வெல்ஃபெயர் எடுக்கிறார்கள் என்றோ அகதிகள் என்றோ சொல்லி மறுப்பதும் மனித உரிமைச் சட்டத்துக்கு மாறானது. கிரெடிற் இல்லை என்பதையும் பிழையாக எடுக்கக்கூடாது. நேற்று வந்தவருக்கு எங்கேயிருந்து கிரெடிற் வரும்? உங்களுக்குப் பயமாக இருந்தால் அவர்களுடைய கேஸ் வேர்க்கரோடு கதைத்து, வாடகைப் பங்கை நேரே உங்களுக்கு அனுப்ப ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

மார்க்கம் ஐயா ஒருவர்: அகதிக்கு அரசாங்கம் குடுக்கிற காசு பென்ஷன்காரருக்குக் கிடைக்கிறதைவிடக் கூட எண்டு வாட்ஸப்பில வந்தது. உண்மையோ?

இல்லை ஐயா. அது இருபது வருடப் பழைய வதந்தி. அரசாங்கமே தெரிவு செய்து கூட்டிவரும் அகதிகளுக்கு ஒருமுறை கொடுக்கிற ஆரம்பச் செலவை, மாதாமாதம் கொடுக்கிற காசு என்று பிழையாக விளங்கி 2004 இல் ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அது முதலில் மின்னஞ்சலாகச் சுற்றியது, இப்போது வாட்ஸப்பில் ஓடுது. இங்கே வந்து கோரிக்கை வைப்பவருக்கு அந்தத் திட்டமே கிடையாது. தனி ஆளுக்கு வெல்ஃபெயர் கூடினது 733 டொலர், அதில் வாடகைக்கு 390. அந்தக் காசுக்கு ரொறன்ரோவில் ஓர் அறை காட்டுங்கள், நாளைக்கே பத்துப் பேரை அனுப்புகிறேன்.

அதே ஐயா: எண்டாலும், விசிற்றர் விசாவில பிளேனில வந்து இறங்கினவையை எங்களோட ஒப்பிடலாமோ?

1986 இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் இருந்து எங்கட ஆக்கள், இலங்கைத் தமிழர் 155 பேரை மீட்டபோது, "கப்பலில் வந்தவை" என்பதே குற்றமாகப் பேசப்பட்டது. 2010 இல் சன் சீ என்ற கப்பலில் வந்த 492 பேருக்கும் அதே பேச்சு. இன்றைக்குப் பிளேனில் வந்தது குற்றமாம். 2023 மார்ச் 25 க்குப் பிறகு, அமெரிக்க எல்லையை எந்த இடத்தால் நடந்து கடந்தாலும், 14 நாளுக்குள் கோரிக்கை வைத்தால் சில விதிவிலக்குகள் தவிர அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்புவார்கள். மிச்சமிருக்கிற வழி பிளேன்தான். வந்த வழி எப்படியானாலும், கோரிக்கைகளைத் தீர்மானிக்கிற அகதிச் சபைக்குப் போகிற கேஸ் உண்மையா இல்லையா என்பது அங்கே ஹியரிங்கில் விசாரிக்கப்படும்.

மோர்னிங்சைட் அக்கா: பக்கத்து அப்பார்ட்மென்ற் எரித்திரியப் பொடியன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஹியரிங் போன கிழமை முடிஞ்சுதாம். அவனுக்குத் தெரியவே தெரியாது.

அக்கா, இதை வாசிக்கிற அன்றைக்கே அவனை அவனுடைய லோயரிடம் அனுப்புங்கள். ஹியரிங்குக்குப் போகாதவர்களைக் காரணம் சொல்லச் சொல்லி உடனே இன்னொரு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கடிதத்தை நன்றாகப் பாருங்கள், அந்தத் திகதியும் அதிலேயே இருக்கக்கூடும். அதையும் விட்டால் கோரிக்கை கைவிடப்பட்டதாக முடிப்பார்கள், பிறகு கனடாவில் மறுபடி கேட்க ஏலாது.

என் வேலையில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். 2023 ஜூலையில் பீற்றர் வீதி 129 இல், நகரத்தின் தங்குமிடப் பதிவு நிலையத்துக்கு வெளியே, ஆபிரிக்க அகதிகள் நடைபாதையில் படுத்ததை எல்லாரும் ரீவியில் பார்த்தோம். நோர்த் யோர்க்கில் றிவைவல்ரைம் போன்ற கறுப்பினத்தவரின் தேவாலயங்கள் கதவைத் திறந்து படுக்க இடம் கொடுத்தன. நல்ல காரியம். ஆனால் நடைபாதை, தேவாலயம், ஹோட்டல், பிறகு ஒரு பேஸ்மென்ற் என்று ஒருவர் மாறிக்கொண்டே இருக்கும்போது கடிதம் பழைய விலாசத்துக்கே போகும். விலாசம் மாறினால் அகதிச் சபை, குடிவரவுத் திணைக்களம், எல்லைப் பாதுகாப்பு என்று மூன்று இடத்துக்கும் தனித்தனியே அறிவிக்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதுக்குப் போய்ச் சேரும் என்று நம்பிக் கெட்டவர்கள் நிறையப் பேர்.

பேரங்காடி நடத்தும் தம்பி: வேலைக்கு வந்தவரின்ர சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்) 9 இல தொடங்குது. எடுக்கலாமோ?

எடுக்கலாம். 9 என்றால் தற்காலிக அனுமதியில் இருக்கிறார் என்றுதான் அர்த்தம். வேலை அனுமதிப் பத்திரத்தையும் அதன் முடிவுத் திகதியையும் பாருங்கள். "கையில காசு தாறன், பேப்பர் வேண்டாம்" என்று மட்டும் தொடங்காதீர்கள். பிடிபட்டால் உங்களுக்கு அபராதம், அவருக்குக் கேஸே சிக்கலாகும்.

பல் டொக்டர் அலுவலகத்தில் வேலை செய்யும் தங்கை: அகதியளின்ர மருத்துவப் பேப்பரை எங்கட இடத்தில எடுக்கிறேல்லை. எங்க அனுப்ப?

அகதிகளின் மருத்துவக் காப்புறுதியைக் கவனிக்கிற மெடாவி புளூ குறொஸ் நிறுவனத்தில் பதிவு செய்த டொக்டர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, அதில் தேடிக் கொடுங்கள். உங்கட டொக்டரையும் பதியச் சொல்லலாமே.

எதியோப்பியப் பெண்ணுக்குப் படிவம் நிரப்ப உதவும் ஒருவர்: அவ சொல்லுற திகதியள் ஒண்டோட ஒண்டு பொருந்துதில்லை. பொய் சொல்லுறாவோ?

எந்த நாட்காட்டியில் சொல்கிறா என்று முதலில் கேளுங்கள். எதியோப்பிய நாட்காட்டி எங்கடதைவிட 7, 8 வருடம் பின்னால் நிற்கும். வருடத்துக்கு 13 மாதம். மணியும் விடியலில் இருந்துதான் எண்ணுவார்கள், அவ "ஒரு மணி" என்றால் காலை 7 மணி. கைதான வருடம் 2015 என்று அவ சொல்லி, அதை அப்படியே எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். கடவுச்சீட்டில் வெளியேறிய முத்திரை 2023. "எட்டு வருடம் ஏன் சும்மா இருந்தாய்?" என்று ஹியரிங்கில் கேட்பார்கள். உண்மையில் அவ கைதானது 2022 செப்ரெம்பருக்குப் பிறகு. பிழை கண்டால் லோயர் மூலம் திருத்தலாம், ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும்.

பெயரிலும் கவனம். இரண்டாவதாக வருவது குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர். இனிஷியலோடு இந்த நாட்டுக்கு வந்து பட்டபாட்டை நினைத்தால் எங்கட ஆக்களுக்கு இது விளங்கும்.

பெயர் வேண்டாம் என்றவர்: என்னோட வேலை செய்யிற உகண்டாப் பொடியன் தன்பாலீர்ப்பாளர். 2023 சட்டத்துக்குப் பயந்து வந்தவன். தன்ர நாட்டு ஆக்களிட்டப் போகமாட்டன் எண்டுறான்.

அவன் பயம் நியாயமானது. அந்தச் சட்டத்தில் சில குற்றச்சாட்டுகளுக்கு மரண தண்டனைகூட உண்டு. "உங்கட சமூகத்து நிலையத்துக்குப் போ" என்று தள்ளாதீர்கள். சேர்ச் வீதியில் இருக்கிற 519 நிலையத்தில் இப்படியான அகதிகளுக்கென்றே குழு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், தெரிந்தவர் வட்டத்துக்கு வெளியே ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். சித்திரவதை அனுபவித்தவர் என்றால் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனேடிய நிலையம் இருக்கிறது. எங்கட ஆக்கள் கனபேர் போன இடம்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை: உடுப்புச் சேர்த்து அனுப்பட்டோ?

உடுப்பு நிறைய வந்து குவிகிறது ரீச்சர், பனிச்சப்பாத்து என்றால் வேண்டுவோம். உங்களிடம் வேறொன்று கேட்கப் போகிறேன். ஹியரிங் இப்போது பெரும்பாலும் கணினித் திரையில்தான். ஹோட்டல் அறையில் இரண்டு பிள்ளைகள் கத்த, இன்ரநெற் அறுபட அறுபட, தனக்கு நடந்த வன்புணர்ச்சியை ஒரு தாய் மூன்று மணித்தியாலம் விபரிக்க வேண்டியிருக்கிறது. நேரில் வருகிறேன் என்று சபையைக் கேட்கலாம், ஆனால் அது பலருக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் கதவு பூட்டக்கூடிய ஓர் அறையும் நல்ல இன்ரநெற்றும் இருந்தால், அவவின் லோயரோடு கதைத்து அன்றைக்கு அதைக் கொடுங்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஒரு ஆளும் வேண்டும்.