பிசினஸ் டெக்னாலஜியில் அசோசியேட் டிகிரி வாங்கியாச்சு, அடுத்து 42 ஆயிரம் டாலர் கடனா?

கேள்வி: வணக்கம் சார். சொந்த ஊர் தென்காசி பக்கம். ப்ளஸ் டூ முடித்ததும் கல்யாணம். இப்போது நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம், கிரீன் கார்டு இருக்கிறது. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, இந்த மே மாதம் பிசினஸ் டெக்னாலஜியில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி வாங்கினேன். வயது 39. முப்பது இடத்துக்கு மேல் அப்ளை செய்தும் பதில் இல்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகம் ஆன்லைனில் பேச்சிலர் டிகிரி முடிக்க 42 ஆயிரம் டாலர் கேட்கிறது, லோனுக்கும் அவர்களே வழி செய்வார்களாம். என் கையில் 14 ஆயிரம் டாலர் சேமிப்பு. கணவருக்கு ஐ.டி. வேலை, சம்பளம் 1,40,000 டாலர். இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்? கடன் வாங்கிப் படிக்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்கள் காசில் இப்போது வேண்டாம் என்கிறேன். அமெரிக்க வரிச் சட்டத்தில் 127-வது பிரிவு என்று ஒன்று உண்டு. வேலை கொடுக்கிற நிறுவனம் முறையான திட்டம் வைத்து உங்கள் படிப்புக்கு வருடத்துக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால், அந்தப் பணத்துக்கு நீங்கள் வருமான வரி கட்ட வேண்டாம். பெரிய மருத்துவமனைகள், வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பலவற்றில் இந்தச் சலுகை இருக்கிறது, ஆனால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், இன்டர்வியூவில் நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முப்பது இடத்தில் பதில் வராததற்குக் காரணம் இரண்டு வருடப் படிப்பு என்று நான் நினைக்கவில்லை. பிசினஸ் டெக்னாலஜி என்பது ஒரு துறை இல்லை, கைப்பழக்கம். எக்செல் தெரியும், வேர்ட் தெரியும், குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருள் தெரியும், லெட்டர் போடத் தெரியும், எல்லாம் சரி, ஆனால் யாருடைய ஆஃபீஸுக்கு? "எந்த ஆஃபீஸ் வேலையானாலும் பரவாயில்லை" என்கிற தொனியில் ரெசுமே இருந்தால் எந்த ஆஃபீஸும் கூப்பிடாது. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் மருத்துவத்துறை. கிளினிக்கில் ஃப்ரண்ட் டெஸ்க்கில் உட்கார்ந்து, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் எப்படிப் போகிறது, ஏன் திரும்பி வருகிறது என்று ஒரு வருடம் பார்த்துவிட்டு, ஏ.ஏ.பி.சி. என்கிற அமைப்பு நடத்தும் சி.பி.சி. என்ற மெடிக்கல் கோடிங் தேர்வு எழுதலாம் (ப்ரோகிராமிங் இல்லை, நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றுவது). புதிதாக எழுதுபவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் 'ஏ' என்று அப்ரென்டிஸ் அடையாளம் ஒட்டிக்கொள்ளும், அனுபவம் காட்டினால் எடுத்துவிடுவார்கள். 2024-இல் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் வேலைகளுக்கு நாடு முழுவதுமான நடுமட்டச் சம்பளம் 50 ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. மருத்துவப் பதிவு வேலைக்கு ஆர்.ஹெச்.ஐ.டி. என்று இன்னொரு சான்றிதழைக் காட்டி யாராவது கோச்சிங் விற்க வந்தால் கவனம், அதற்கு ஹெல்த் இன்ஃபர்மேஷனில் அங்கீகாரம் பெற்ற தனிப் படிப்பே வேண்டும், உங்கள் டிகிரி போதாது.

கணக்கு எழுதும் வேலையும் உண்டு, சம்பளமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் மென்பொருள் அந்த வேலையைத் தின்றுகொண்டிருக்கிறது, அதனால் நுழைவாயிலாக மட்டும் பாருங்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்யும் காலமான ஜனவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை சி.பி.ஏ. (நம் ஊர் ஆடிட்டர் மாதிரி) அலுவலகங்களுக்கு ஆள் தேவைப்படும், அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் திறக்கும். நம் ஊர்க்காரர் கடை என்று கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, அரசுப் பள்ளி மாவட்டங்களிலும் டவுன்ஷிப் (உள்ளாட்சி) அலுவலகங்களிலும் செக்ரெட்டரி வேலை. சம்பளத்தைப் பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆனால் முழுநேர வேலையென்றால் பெரும்பாலும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் பி.இ.ஆர்.எஸ். என்கிற மாநில அரசு ஊழியர் பென்ஷனும் சேர்ந்து வரும். உங்கள் குடும்பத்தின் ஹெல்த் இன்ஷூரன்ஸ் முழுக்கக் கணவரின் ஐ.டி. வேலையில்தானே தொங்குகிறது? ஒரு லே-ஆஃப் வந்தால் அப்புறம் இந்தச் சப்பென்ற வேலைதான் குடும்பத்தைத் தாங்கும்.

இப்போது கணக்கு. மணிக்கு 22 டாலர் என்று வைத்தால் முழுநேரத்துக்கு வருடம் 45,760. இருவரும் சேர்ந்து வரிக் கணக்கு காட்டினால் கணவர் சம்பளமே உங்களை 22 சதவீத வரி அடுக்குக்குக் கொண்டுபோயிருக்கும், அதோடு அரசு ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டியும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேரும் சேர்ந்து 7.65 சதவீதம், மாநில வரி வேறு. ஆக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய், 30 ஆயிரம் சொச்சம் கைக்கு வரும். பிள்ளைகளுக்கு ஆஃப்டர் ஸ்கூல் செலவைக் கழித்துப் பாருங்கள், 42 ஆயிரம் கடனுக்குத் தவணை கட்ட எதுவும் மிஞ்சாது.

கையில் காசு வேண்டாம் என்றேனே. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு உங்கள் பெயரில் 40 கிரெடிட் சேர வேண்டும் (காலேஜ் கிரெடிட் இல்லை, இது கணக்கில் வரும் சம்பளத்துக்குச் சேரும் புள்ளி), வருடத்துக்கு அதிகபட்சம் 4. கணவர் கணக்கில் பாதி வரை கிடைக்கும்தான், ஆனால் உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போனால் வருகிற ஊனமுற்றோர் தொகை உங்கள் சொந்த உழைப்புக் கணக்கைப் பொறுத்தது. கணக்கில் வராத சம்பளத்துக்குக் கிரெடிட்டும் இல்லை.

14 ஆயிரத்தைத் தொடாதீர்கள். அவசர நிதிக்கே அது போதாது.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. உங்கள் சான்றிதழில் ஏ.ஏ.எஸ். (நேரே வேலைக்குப் போவதற்கான அசோசியேட் டிகிரி) என்று இருக்கிறதா, ஏ.எஸ். (மேலே படிக்கப் போவதற்கானது) என்று இருக்கிறதா? ஏ.எஸ். என்றால் நியூ ஜெர்சியின் அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைத்ததும் உங்கள் காலேஜ் கிரெடிட்டுகளை ஏற்று மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ள மாநில ஒப்பந்தமே இருக்கிறது. ஏ.ஏ.எஸ்.ஸுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, கல்லூரி எத்தனை ஏற்கிறதோ அத்தனைதான். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்திடமும் எத்தனை கிரெடிட்டை ஏற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் சான்றிதழில் இருக்கும் எழுத்துகளையும் அனுப்புங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.