விகோவுக்குக் குளிர்காற்றுக் குழாயும் ரீமப்பும்: வன்னித் தூசியில் எது நிற்கும்?

கேள்வி: என்னிடம் 2010ஆம் ஆண்டு ஹைலக்ஸ் விகோ டபிள் கெப் இருக்கிறது. 3.0 டீசல், மனுவல் கியர். ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்களில் நெல் ஏற்றி, மாங்குளம் வந்து ஏ9 வழியாக வவுனியாவுக்குக் கொண்டுபோகிறேன். பாரத்தோடு லொறியை முந்தப் போனால் இழுவை போதவில்லை. கனடாவில் இருக்கும் அத்தான் தன் பிக்கப்புக்கு ‘கோல்ட் எயார் இன்டேக்’ (குளிர்காற்றுக் குழாய்) போட்டாராம், நல்ல மாற்றம் என்கிறார். எனக்கும் ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இங்கே ஒருவர் லப்டொப்பை மாட்டி, எஞ்சின் கணினியின் கணக்குகளை மாற்றி ரீமப் செய்து தருவதாகச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

பதில்: தம்பி, அத்தானுக்கு நன்றி சொல்லி அந்தப் பார்சலை நிறுத்திவிடுங்கள். ஹைலக்ஸ் கனடாவில் விற்கப்படுகிற வண்டியே இல்லை. அங்கே கடையில் கிடைக்கும் கிட் டகோமா, டன்ட்ரா போன்ற பெற்றோல் பிக்கப்களுக்குச் செய்தது. குழாயின் வளைவும் பொருந்தாது, வாயின் அளவும் பொருந்தாது. அவுஸ்திரேலியாவிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ விகோவுக்கென்றே செய்த கிட்டை எடுக்கலாம் என்று அடுத்ததாக யாராவது சொல்வார்கள். அதற்கும் அவசரப்படாதீர்கள்.

பொனட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டியின் மூக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். எஞ்சின் பக்கம் போகாது. மட்காட் தகட்டில் இருக்கும் துளைக்குள் நுழையும். எஞ்சின் சூடு படாத வெளிக்காற்றை எடுக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அதாவது உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்தே குளிர்காற்றுக் குழாயோடுதான் வந்திருக்கிறது. விற்கப்படும் கிட்களில் பாதி என்ன செய்கின்றன தெரியுமா? மூடிய பெட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு கூம்பு ஃபில்டரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி வைத்து, நடுவில் ஒரு தகட்டை மறைப்பாக நிறுத்துகின்றன. மிதிக்கும்போது டேர்போ உறிஞ்சும் சத்தம் நன்றாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைத்தான் பலர் இழுவை என்று நம்புகிறார்கள்.

உள்ளே போகும் காற்று 50 பாகையிலிருந்து 40 பாகைக்கு இறங்கினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 வீதம் கூடும். பெற்றோல் எஞ்சினில் அது கொஞ்சம் உதவும். டீசலில் அப்படியில்லை. டீசல் எஞ்சின் எப்போதும் எரிக்கத் தேவையானதைவிடக் கூடுதல் காற்றைத்தான் வாங்குகிறது. வலுவைத் தீர்மானிப்பது ஈசியூ என்ற எஞ்சின் கணினி எவ்வளவு டீசலைப் பீய்ச்சச் சொல்கிறது என்பதுதான். போதாததற்கு, டேர்போ அழுத்தும்போது காற்று எப்படியும் 100 பாகையைத் தாண்டிச் சூடாகிவிடும். அதைத் தணிப்பது இன்டர்கூலரின் வேலை. ஆகவே குழாயை மட்டும் மாற்றினால் உங்களுக்குக் கிடைப்பது சத்தம். வலு வேண்டுமென்றால் அது ரீமப்பில்தான் வரும். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் தூசி.

உங்கள் எஞ்சின் 2982 சிசி. 3000 சுற்றில் ஓடும்போது, டேர்போவின் அழுத்தத்தைச் சேர்க்காமலே நிமிடத்துக்கு 4500 லீற்றர் அளவில் காற்றை இழுக்கும். அழுத்தம் ஏற ஏற அது இன்னும் கூடும். சோளகம் வீசும் மாதங்களில், முன்னால் ஒரு உழவு இயந்திரம் போகும் கிரவல் றோட்டில் அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறுவடைக் காலத்தில் வெட்டு மெஷினுக்குப் பக்கத்தில் வண்டியை ஓடவிட்டபடி நிறுத்தினால் சுணையும் சேர்ந்து வரும். சுணை பெரிது, ஃபில்டரில் நின்றுவிடும். பயப்பட வேண்டியது மாப்போல் இருக்கும் கிரவல் தூசிக்கு. அதில் உள்ள சிலிக்கா டேர்போவின் இறக்கை ஓரத்தைத் தின்னும், பிறகு பிஸ்டன் றிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்க்கும். எண்ணெய் குறையத் தொடங்கும்போதுதான் தெரியவரும். அப்போது எஞ்சின் திறக்கும் செலவு.

எண்ணெய் பூசிய துணி ஃபில்டர்கள் காற்றை இலகுவாக விடும் என்பது உண்மை. இலகுவாக விடும் ஃபில்டர் நுண்தூசியையும் கொஞ்சம் கூடவே விடும். கழுவிவிட்டு எண்ணெயை அள்ளி ஊற்றினால், எயார் ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டிகளில் அதன் மெல்லிய சூட்டுக் கம்பியில் எண்ணெய் படிந்து, ஈசியூவுக்குப் பொய்க்கணக்குப் போகும். தார் றோட்டில் மட்டும் ஓடுகிறவர் என்ன போட்டாலும் போடட்டும். உங்களுக்கு நல்ல காகித ஃபில்டர்தான்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஃபில்டர் பெட்டிக்கும் டேர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றுங்கள். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஹோஸின் உட்புறத்தை ஒரு தடவை துடையுங்கள். கறுப்பாக எண்ணெய்ப் பசை வந்தால் பரவாயில்லை, அது எஞ்சின் மூச்சுக் குழாயிலிருந்து வருவது. செம்மண் நிறத்தில் நறநறவென்று ஏதாவது ஒட்டினால் தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறது என்று அர்த்தம். பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து கம்பியால் கட்டியிருப்பார்கள், அல்லது மலிவு ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்காது. இதைச் சரிசெய்யாமல் வேறு எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். 2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சில கிட்களில் ஃபில்டர் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக உட்காரும். காற்று அங்கே குளிர்தான், ஆனால் மாரியில் வாய்க்கால் மேவிப் பாயும் றோட்டில் முதலில் நனைவதும் அதுதான். உங்கள் எஞ்சினின் அழுத்த விகிதம் 17.9க்கு 1. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 44 மில்லிலீற்றர், மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர். அதற்குமேல் தண்ணீர் புகுந்தால் அழுத்த இடமில்லாமல், பிஸ்டனைத் தாங்கும் கொன்ரொட் தண்டு வளைந்துவிடும்.

வெளிக்காற்றுக்கென்று ஏதாவது பூட்டியே ஆக வேண்டும் என்றால் ஸ்நோர்கலைப் பூட்டுங்கள், அதாவது காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் வெளிக்குழாய். கூரை உயரத்தில் தூசியும் குறைவு, தண்ணீருக்கும் பயமில்லை, தொழிற்சாலைப் பெட்டியும் அப்படியே இருக்கும். ஆனால் பூட்டுகிறவர் கவனமானவராக இருக்க வேண்டும். மட்காட்டில் துளை போட முதல் கிட்டோடு வரும் காகித அச்சை ஒட்டி, உள்ளே வயரோ குழாயோ போகிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் பெயின்ற் பூசாவிட்டால் அடுத்த மாரிக்குள் துரு பிடிக்கும். நான் பார்த்த ஸ்நோர்கல்களில் கணிசமானவை வெளியே அழகாக நிற்கின்றன, உள்ளே பெட்டியோடு சேரும் இடத்தில் விரல் போகும் இடைவெளி. அப்படியானது வெறும் அலங்காரம். பூட்டி முடிந்ததும் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, ஸ்நோர்கலின் வாயை ஒரு பலகைத் துண்டால் மூடச் சொல்லுங்கள், கையால் வேண்டாம். எஞ்சின் திணறி நிற்கப் பார்க்க வேண்டும். எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தால் காற்று வேறு எங்கிருந்தோ போகிறது. காசைக் கொடுக்காதீர்கள்.

இனி இழுவை. இந்த எஞ்சின் புதிதாக வரும்போது 1400 சுற்றிலிருந்தே 343 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை கொடுத்தது. நெல் மூட்டையோடு ஏ9இல் லொறியை முந்த அது போதும். உங்களுக்குப் போதவில்லை என்றால் எங்கோ கொஞ்சம் தொலைந்திருக்கிறது. பெரிய ரயர் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் கியர் விகிதமே நீண்டுவிட்டது, அதை எந்த லப்டொப்பும் திருப்பித் தராது. டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள்? டீசல் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வு தேய்ந்தாலும் வண்டி இப்படித்தான் மந்தமாகும், சில வேளை சும்மா நிற்கும்போதே அணையும். டேர்போவின் நகரும் இறக்கைகள் கரி பிடித்து இறுகியிருக்கலாம்.

பொனட் வாய்க்கு நேரே கீழே இருக்கும் இன்டர்கூலரையும் பாருங்கள். பொனட்டுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் ஸ்பொஞ்ச் ஓரம் கிழிந்திருந்தால், வரும் காற்று இன்டர்கூலருக்குள் போகாமல் பக்கத்தால் வழிந்து போய்விடும். துடுப்புகளுக்குள் செம்மண் அடைத்திருந்தால் கழற்றி, பின்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவலாம். பிரஷர் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் துடுப்பு மடிந்துவிடும். காற்றைக் குளிர்விக்க ஆசைப்படுகிறவருக்குச் செலவில்லாத வழி இதுதான். இவ்வளவையும் செய்து, பாரத்தோடு ஒரு கிழமை ஓடிப் பாருங்கள். பலருக்கு ரீமப் ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

அப்படியும் வேண்டும் என்றால், ரீமப்காரரிடம் போக முதல், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைப் பாருங்கள். உங்கள் 1கேடி எஞ்சினுக்குப் பெயர்போன நோய் அது. ஸ்கானரை மாட்டி, எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் நான்கு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் (ஒவ்வொன்றுக்கும் ஈசியூ கூட்டிக் குறைக்கும் டீசல்) வாசிக்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக்மார் கூட்டல் கழித்தல் 3ஐ எல்லையாக வைத்துக்கொள்வார்கள். ஒன்று தாண்டியிருந்தாலும் முதலில் அதற்கு வைத்தியம். இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தால் எரிந்த காற்று எண்ணெயில் கலந்து கரியாகும், அந்தக் கரி, எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்குள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் எஞ்சின் போய்விடும். கசியும் இன்ஜெக்டரோடு டீசலைக் கூட்டினால் பிஸ்டனிலேயே வெடிப்பு விழலாம். ஓட்டைக் கூரைக்குக் கீழே புதுச் சோபா வாங்கிப் போடுகிற வேலை அது.

எல்லாம் சரி என்றால் ரீமப் நல்ல வேலைதான், நான் அதற்கு எதிரி இல்லை. டேர்போ டீசலில் 15 முதல் 20 வீதம் கூட்டுவது பாரம் ஏற்றும் வண்டிக்குப் போதும். அதற்குமேல் தருகிறேன் என்கிறவரிடமிருந்து விலகி நில்லுங்கள். பழைய ஃபைலை முதலில் எடுத்து வைத்து, ஒரு பிரதியை உங்களுக்கும் தரச் சொல்லுங்கள். எதை எவ்வளவு கூட்டினார், டீசல் அளவா, இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் றெயில் குழாயின் அழுத்தமா, டேர்போவின் அழுத்தமான பூஸ்ட்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் இணையத்தில் எடுத்த ஃபைலை ஏற்றுகிறவர். டேர்போவுக்கு முன்னால் ஒரு வெப்ப மானி பூட்டுங்கள். பாரத்தோடு நீண்ட நேரம் 700 பாகைக்கு மேல் நிற்கக் கூடாது. கறுப்புப் புகை வந்தால் எரியாத டீசல் போகிறது என்று அர்த்தம். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் விழுந்தால் ரெவனியூ லைசென்ஸ் எடுக்கவும் முடியாது.

சென்சரில் கொழுவும் சின்னப் பெட்டி ஒன்றையும் காட்டுவார்கள். அது றெயில் அழுத்தம் குறைவு என்று ஈசியூவிடம் பொய் சொல்லி, பம்பை இன்னும் அழுத்த வைக்கிறது. பழைய இன்ஜெக்டர்களுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. வேண்டவே வேண்டாம். டீசலைப் பொறுத்தவரை, கட்டுப்படியானால் சுப்பர் டீசல் அடியுங்கள், கந்தகம் குறைவு.

இதே கேள்வியைக் கேட்கும் பெற்றோல் கார்க்காரருக்கு ஒரு வரி: டேர்போ இல்லாத எஞ்சினில் குழாயும் ரீமப்பும் சேர்ந்தாலும் கிடைப்பது சொற்பம், அதையும் 92 ஒக்டேனில் எதிர்பார்க்காதீர்கள், நொக் அடிக்கும்.

ரீமப் முடிந்ததும் வண்டியைக் கராஜிலிருந்து எடுத்து, பாரத்தோடு நாலாம் கியரில் 1500 சுற்றிலிருந்து முழுதாக மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. 2010ஆம் ஆண்டு வண்டியில் பழைய கிளச்சே இன்னும் இருந்தால் இது அநேகமாக நடக்கும். கிளச் பிளேட்டுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் கூலிக்குமான காசைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு ரீமப்காரருக்குக் கோல் எடுங்கள். காப்புறுதிக்காரருக்கும் ஒரு கடிதம் போட்டு வையுங்கள்.