சும்மா கிடக்கிற மணல்மேடு என்ன செய்கிறது?

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடலுக்கும் களப்புக்கும் (கடலோர உப்பங்கழிக்கும்) இடையில் இன்னும் கட்டடம் ஏறாத மணல்மேடும் சதுப்பும் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணை, எங்கள் காணிக்கு முன்னாலுள்ள மேட்டைப் பெக்கோ விட்டு மட்டப்படுத்தினால் கடல் வடிவாகத் தெரியும். செய்யலாமா?

வேண்டாம், தம்பி. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து (கடல் பெருகும்போது நீர் வந்து தொடும் எல்லை) நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அனுமதியில்லாமல் கை வைக்க முடியாது. சட்டத்தை விடுங்கள். தென்கிழக்குக் கரையில் யாலவில் கடற்காட்சிக்காக மேட்டை வெட்டிய ஒரு விடுதி, 2004 சுனாமியில் அடியோடு போனது.

மாரியில் கடலே அந்த மேட்டை அரிக்கிறதே?

அரிக்கட்டும். அது கடலுக்குக் கொடுக்கும் கைமாற்று. அரித்த மணல் கரைக்கு அருகே திட்டாகப் படியும்; அலை அங்கேயே உடைந்துவிடும். கடல் தணிந்ததும் மணல் திரும்பி வரும், பின்னேரக் காற்று அதை மேலே ஏற்றும், அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைக்கும். ஒரு அடம்பன் கொடியைத் தூக்கிப் பாருங்கள்: கணுவுக்குக் கணு வேர். மணல் மூடினால் மேலே வந்து மறுபடி வேர்விடும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று சும்மாவா சொன்னார்கள்!

கிணறு உவர்க்கத் தொடங்கிவிட்டது. மேட்டுக்கும் இதற்கும் தொடர்பா?

நிறைய. மணலுக்குள் இறங்கும் மழைநீர், பாரம் கூடிய உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மேட்டை வெட்டியோ, மோட்டர் போட்டு இறைத்தோ அந்த ஒரு அடியைக் குறைத்தால் உப்பு எவ்வளவு மேலே வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

களப்போரச் சதுப்பு நாறுகிறது, ஐயா. மண் போட்டு நிரப்பினால் என்ன?

காற்றுப் புகாத சேற்றில் இலைதழை உக்கும் மணம் அது. இறால் கடலில்தான் முட்டையிடும்; குஞ்சுகள் முகத்துவாரத்தால் உள்ளே வந்து கண்டல் வேர்களுக்குள் வளரும். களப்பு இறால் கறி வேண்டுமென்றால் மணத்தையும் பொறுக்கத்தான் வேண்டும்.

பறவை பார்க்க எங்கே போகலாம்?

புல்மோட்டைக்கு அப்பால் கொக்கிளாய்க் களப்பு. 1951 முதல் சரணாலயம். ஒக்டோபருக்குப் பிறகு போங்கள், வலசைப் பறவைகள் வந்திருக்கும்.

எங்கள் பக்கம் மேட்டை ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள். இனி?

வெட்டின இடத்தில் ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள். காற்றுக்குக் குறுக்கே கிடுகு வேலி போட்டால் அதன் அடியில் மணல் சேரும். மாரி மழை தொடங்கியதும் அடம்பன் தண்டுகளை ஊன்றுங்கள். கடலுக்குப் போக ஒரே ஒரு பாதை போதும். அதையும் நேராக விடாமல் வளைத்து விடுங்கள், காற்றும் அலையும் நேர்வழியைத்தான் தேடும்.